அவனுக்கு எட்டாம் நாள், அவளுக்கு எந்த நாள்?

யூதர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் விழாவுக்கு யாரும் நாள் தேடுவதில்லை. எட்டாம் நாள் விருத்தசேதனம், அவ்வளவுதான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் தள்ளிப்போடுவார்கள். அன்றைக்கு எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் கௌரவம் பெரும்பாலும் தாத்தாவுக்கு. பெயர் வைப்பதும் அங்கேயே.

பெண் பிறந்தால்? ஐரோப்பாவில் வேர்விட்ட அஷ்கெனாசி யூதர்களிடம் காலங்காலமாக நடந்தது இதுதான்: அப்பா ஜெப ஆலயத்துக்குப் போவார், தோரா வாசிக்கும்போது ஒரு ஆசீர்வாதத்தோடு மகளின் பெயரைச் சொல்வார்கள், முடிந்தது. பல நேரம் அம்மாவும் குழந்தையும் அங்கே இருக்கவே மாட்டார்கள்!

1970களில் அமெரிக்க யூதக் குடும்பங்கள் சில இதை மாற்றத் தொடங்கின. 'சிம்ஹாத் பாத்', அதாவது மகள் பிறந்த மகிழ்ச்சி, என்று ஒரு விழா பரவியது. சிலர் குழந்தையைத் தொழுகைச் சால்வையில் போர்த்துகிறார்கள். சிலர் பிஞ்சுக் கால்களைக் கழுவுகிறார்கள். யார் நினைவாக அந்தப் பெயர் என்று பெற்றோர் எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் நேற்று முளைத்தது, மரபா இது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் செபராதி யூதர்களிடம் மகளை வரவேற்கும் 'ஸெவெத் ஹபாத்' வழிபாடு இதற்கெல்லாம் முன்பே இருந்தது. தல்முத்தில் இன்னும் அழகான செய்தி ஒன்று. பெத்தார் என்ற ஊரில் ஆண் பிறந்தால் ஒரு மரம், பெண் பிறந்தால் ஒரு மரம் நடுவார்களாம். கல்யாணத்தின்போது அவற்றை வெட்டிப் பந்தல் போடுவார்களாம். மகளுக்கும் மரம் நட்ட மரபு அது. ஆக, இது புதுச்சரக்கு இல்லை, விட்டுப்போனதை எடுத்து வைப்பது.

எனக்குள்ள குறை வேறு. இந்தப் புது விழாவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட நாள் கிடையாது. சிலர் எட்டாம் நாள், சிலர் முப்பதாம் நாள், சிலர் மாதப்பிறப்பு, பலர் எல்லோருக்கும் தோதான ஒரு ஞாயிறு. "அம்மாவின் உடம்பு தேறட்டுமே" என்று காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மகனைப் பெற்ற அம்மாவுக்கும் எட்டாம் நாள் அதே வலிதானே? அவளுக்காக யாரும் நாளைத் தள்ளுவதில்லையே!

வீட்டுக் கணக்கில் 'முடிந்தால் பார்க்கலாம்' என்று எழுதிய செலவுதான் முதலில் வெட்டுப்படும். வசதிப்பட்ட நாளில் நடக்கும் விழாவும் அப்படித்தான். விருத்தசேதனம் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு, நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் பாட்டு, சால்வை, விருந்தெல்லாம் அவரவர் விருப்பம். நாளை மட்டும் முதலில் முடிவு செய்யட்டும். எட்டோ முப்பதோ, ஏதாவது ஒன்று. வேலையைப் போட்டுவிட்டு நாலு பேர் வந்து நிற்கும் நாள் ஒன்று மகளுக்கும் வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?