நங்கூரம் தூக்கும் முன்

சில ஆண்டுகளுக்கு முன், துறைமுக நகரொன்றின் கிளையில் நான் பணியாற்றியபோது, நடப்புக் கணக்கு வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கட்டு விலைப்பட்டியல்களுடன் என்னிடம் வந்தார். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிநீர் வழங்குவது அவர் தொழில். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றுக்கு மூன்று முறை சரக்கு வழங்கியும் அவருக்குப் பணம் வரவில்லை. அந்த நிலுவையால் எங்களிடம் அவர் பெற்றிருந்த ரொக்கக் கடன் கணக்கும் தள்ளாடத் தொடங்கியிருந்தது. "கப்பல் இப்போது எங்கே?" என்று கேட்டேன். "முந்தாநாளே கிளம்பிவிட்டது சார்" என்றார்.

அக்கப்பல் துறைமுகத்தில் நின்றவரை வலிமையான சட்டவழி ஒன்று அவருக்குத் திறந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கும் தெரியாது.

கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டில் பதிவான நிறுவனமாக இருப்பார். கப்பலின் கொடி வேறொரு நாட்டுடையது. நிர்வாக அலுவலகமோ மூன்றாவது நாட்டில் இருக்கும். இவர்களில் யாரைத் தேடிப்போய் வழக்குத் தொடுப்பது? கண்முன் நிற்பது கப்பல் ஒன்றே. ஆகவே அக்கப்பலையே பிரதிவாதியாக்கிப் பிடித்துவைக்க அட்மிரால்டி சட்டம் வழிவகுக்கிறது. நீதிமன்றம் ஆணையிட்டால் துறைமுகமும் சுங்கத்துறையும் புறப்பாட்டு அனுமதி தரமாட்டா. உரிமையாளர் பணம் கட்டினாலோ வங்கி உத்தரவாதம் போன்ற பிணையம் அளித்தாலோ கப்பல் விடுபடும். இரண்டும் நடவாவிடில் நீதிமன்றமே அதை விற்று, வந்த தொகையைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும்.

இவ்வதிகாரம் இந்தியாவில் நிலைபெற்றதில் ஒரு வழக்குக்குப் பெரும் பங்குண்டு. மர்மகோவாவிலிருந்து சென்ற சரக்கை, அனுப்பியவரின் ஆணைக்கு மாறாக ஒப்படைத்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 'எம்.வி. எலிசபெத்' என்ற கப்பல், 1984இல் விசாகப்பட்டினத்துக்கு வந்தபோது பிடித்துவைக்கப்பட்டது. அயல்நாட்டு உரிமையாளரின் கப்பல்மீது இங்குள்ள உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற வாதத்தை 1992இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதன் பின்னரும், ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களே நெடுங்காலம் நம்மை ஆண்டன. 2017இல் இயற்றப்பட்டு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவற்றை அகற்றியது. கொல்கத்தா, மும்பை, சென்னை உயர்நீதிமன்றங்களோடு கர்நாடகம், குஜராத், ஒடிசா, கேரளம், ஆந்திரம், தெலங்கானா உயர்நீதிமன்றங்களையும் அது அதிகாரத்துக்கு உரியனவாக்கியது.

இச்சட்டத்தின் கை எவ்வளவு நீளமானது என்பதை அண்மையில் கண்டோம். 2025 மே மாதம் 'எம்.எஸ்.சி. எல்சா 3' கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த முந்திரியை இழந்த இறக்குமதியாளர் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். மூழ்கிய கப்பலை எப்படிப் பிடிப்பது? அதற்கு ஈடாக, விழிஞ்ஞத்துக்கு வந்திருந்த 'எம்.எஸ்.சி. மானசா எஃப்' என்ற வேறு கப்பலைப் பிடித்துவைக்க ஆணை பிறந்தது. கேட்கப்பட்ட பிணையம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். விற்ற கப்பலின் பணத்தைப் பங்கிடும்போது சட்டம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. முதலில் மாலுமிகளின் ஊதியம். அடுத்து உயிரிழப்புக்கும் காயத்துக்குமான இழப்பீடு, கப்பலை மீட்டவர்களின் கூலி, துறைமுகக் கட்டணம் முதலியன. இவற்றுக்குப் பின்னரே பதிவு பெற்ற அடமானம், அதாவது கடன் கொடுத்த வங்கி. அதற்கும் பின்னர்தான் அரிசியும் எரிபொருளும் வழங்கியவர்கள்.

கோடிகளைக் கொடுத்த வங்கி, மாத ஊதியக்காரருக்குப் பின்னால் நிற்பதா என்று எம் துறையினர் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. உரிமையாளரால் கைவிடப்பட்ட கப்பலில் மாதக்கணக்கில் ஊதியமின்றி, வீடு திரும்ப வழியுமின்றி இருப்பவர்கள் அந்த மாலுமிகளே. அவர்கள் இயந்திரத்தைப் பேணி, நங்கூரத்தைக் காத்திராவிட்டால் வங்கியின் அடமானப் பொருளே அலையில் சிதைந்திருக்கும். நம் ஈட்டைக் காத்தவருக்கு முதற்பங்கு கொடுப்பது நீதி மட்டுமன்று, நல்ல வணிகமும் ஆகும்.

ஆனால் இந்த வரிசை வங்கிக்கு ஒரு பாடத்தையும் சொல்கிறது. கப்பல் சும்மா நிற்கும் ஒவ்வொரு மாதமும் ஊதியமும் துறைமுகக் கட்டணமும் நமக்கு முன்னால் வளர்கின்றன. கப்பலின் மதிப்போ தேய்கிறது. தவணை தவறிய பின் விழிப்பதைவிட, மாலுமிகளின் ஊதியம் தவறும்போதே விழிப்பதுதான் அறிவுடைமை. கப்பல் கடனைக் கண்காணிக்கும் அலுவலர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "மாலுமிகளுக்குச் சம்பளம் போயிற்றா?" என்பதாக இருக்க வேண்டும்.

கடைசி வரிசையில் நிற்கும் வணிகர்களுக்கு ஒரு சொல். அடமானம் கப்பலைத் தொடர்ந்து செல்லும். உங்கள் விலைப்பட்டியல் அவ்வாறு செல்லாது. நீங்கள் சரக்குக் கொடுத்தபோதிருந்த உரிமையாளர், நீங்கள் நீதிமன்றம் செல்லுமுன் கப்பலை விற்றுவிட்டால், புதியவரின் கப்பலைப் பிடிப்பது பெரும்பாலும் இயலாது. எனவே ஒவ்வொரு வழங்கலுக்கும் கப்பல் தலைவரின் கையொப்பமும் கப்பல் முத்திரையும் பெறுங்கள். முதல் பாக்கி தீராமல் அடுத்த சரக்கை ஏற்றாதீர்கள். கப்பல் துறைமுகத்தில் இருக்கும்போதே வழக்கறிஞரை அணுகுங்கள்; அவசர மனுவின்மேல் அன்றே ஆணை கிடைப்பதும் உண்டு. கோரிக்கை உண்மையானதாகவும் இருக்கட்டும். தவறாகப் பிடித்துவைத்தால் இழப்பீடு தருவதாக உறுதியளிக்குமாறு நீதிமன்றம் உங்களைக் கேட்கலாம்.

என்னிடம் வந்த அந்த வாடிக்கையாளர் கடனை மாற்றியமைத்துக்கொண்டு, வீட்டு நகையை விற்று, ஈராண்டுகளில் எங்கள் கணக்கைத் தீர்த்தார். கப்பல்காரர் தரவேண்டிய பணம் மட்டும் வரவேயில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரிந்த நாள்களில் நாங்கள் இருவரும் சட்டத்தை அறிந்திருந்தால், அந்த நகை அவர் வீட்டிலேயே இருந்திருக்கும்.