ஏணை அவிழ்க்கும் நாள்

வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் வாடகைக்கிருக்கும் சகோதரி ஒருவர், இரண்டு வயது மகனை இன்னும் சேலை ஏணையிலேயே உறங்கவைத்தார். 2009இல் வன்னி மரங்களில் மூத்தவளுக்குக் கட்டிய சேலை அது. அவிழ்க்க மனமில்லை.

பையனோ ஏணையிலிருந்து எழும்பிக் குதிக்கப் பார்க்கிறான். சேலை கழுத்தில் சுற்றினால்?

தனியறைக்கு நாம் எங்கே போவது! யன்னலுக்குத் தள்ளி, சுவரோரம் பாயும் மெத்தையும் போதும். மண்ணெண்ணெய்ப் போத்தலும் மருந்துகளும் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். நுளம்புவலை பகலுறக்கத்துக்கும் வேண்டும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு.

சேலையை எறியச் சொல்லவில்லை. மெத்தைக்கு உறையாகத் தைத்துக்கொண்டார். முதல் இரவே மகன் நன்றாக உறங்கினானாம். தாய்தான் விடியும்வரை விழித்திருந்தாராம்.