மைக்கைக் கொஞ்சம் கீழே வையுங்கள், தோழர்களே

"அக்கா, அதை இன்னும் எத்தனை வாட்டி சொல்றது?"

தஞ்சைக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் பேச முடியுமா என்று கேட்கப் போனபோது அந்தப் பெண் என்னைத் திருப்பிக் கேட்டது இது. காவல் நிலையத்தில் சொன்னாள். மருத்துவரிடம், மாஜிஸ்திரேட்டிடம், அரசு வழக்கறிஞரிடம் சொன்னாள். குறுக்கு விசாரணையில் அரைநாள் நின்று சொன்னாள். அடுத்த ஆளாக, கையில் துண்டறிக்கையோடு, முனைவர் பட்ட ஆய்வாளராகிய நான் போய் நின்றேன்.

அவளுக்கு அந்தக் கொடுமையைச் செய்தவன் சாமியின் பெயரால் அவள் வீட்டுக்குள் வந்தவன். எந்த மதம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவீர்கள். என் சண்டை இப்போது நம்மோடுதான்.

பிரேமானந்தா வழக்கு நம் எல்லோருக்கும் தெரியும். மாத்தளையில் பிறந்தவர், 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்து ஆதரவற்ற பிள்ளைகளோடு தமிழகம் வந்தவர், விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் எழுப்பியவர். 1994இல் அங்கிருந்து தப்பிய பெண்கள் வாய் திறந்தார்கள். 13 பேரை வன்புணர்ந்தது, ஒருவரைக் கொன்றது ஆகிய குற்றங்களுக்காக 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 பிப்ரவரியில் தண்டனைக் கைதியாகவே அவர் செத்துப் போனார். மேடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டல் விழும். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவர்களுக்கு அந்த ஆசிரமம்தான் வீடு, பள்ளிக்கூடம், சோறு. போரில் பெற்றோரை இழந்து வந்த பிள்ளைக்கு, அடைக்கலம் கொடுத்த கையே எமனாக மாறினால் அவள் இரவில் எங்கே தூங்குவாள், யாரை நம்பிக் கண்ணை மூடுவாள்? தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் இதற்குப் பதில் இருக்காது. தீர்ப்பு அவனைப் பற்றியது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட தன் நூலில், இத்தகைய வன்முறையிலிருந்து மீள்வதை மூன்று கட்டமாகப் பார்க்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைத்துச் சொல்லி அழுவது. அதன்பின் மற்றவர்களோடு மறுபடி சேர்ந்து வாழ்வது. நாம் நேராக இரண்டாவதில் தொடங்குகிறோம், அதுவும் கையில் மைக்கைக் கொடுத்து.

முதல் கட்டம் டெல்டாவில் எவ்வளவு கடினம் என்று பாருங்கள். கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான நிலம் இங்கே ஏராளம். குத்தகையும் அவர்களுடையது, பல குடும்பங்களின் குடிசை நிற்கும் அடிமனையும் அவர்களுடையது. அப்படிப்பட்ட இடத்தில் குடியிருக்கும் சேரிப் பெண் சாமி சம்பந்தப்பட்ட ஆள் மேல் புகார் கொடுத்தால், அன்று ராத்திரியே அந்தக் குடும்பம் வீட்டைப் பற்றித்தான் யோசிக்கும். சாதி என்பது இந்த இடத்தில் கருத்தல்ல, நான்கு சென்ட் மண். பாதுகாப்பாக உணருங்கள் என்று எந்த உளவியல் ஆலோசகரும் அவளிடம் சொல்லிவிட முடியாது.

இவளை முதலில் எங்கே அழைத்துப் போனார்கள் தெரியுமா? மந்திரிக்க. இரவில் அலறினாள், சாப்பிட மறுத்தாள், யாராவது தொட்டால் உதறினாள். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சாமியின் பெயரால் கெடுத்தார்கள், சாமியின் பெயரால் வேப்பிலை அடித்தார்கள். இந்தப் பாதையின் கோர முனை எது என்று நமக்குத் தெரியும்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் கருகினார்கள், சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில்.

பிறகு ஒரு அரசு மருத்துவமனை. இரண்டு பஸ் மாறி, ஒருநாள் கூலியை விட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஐந்து நிமிடம். தூக்க மாத்திரை. மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே வரிசை அவ்வளவு நீளம்.

இதைப் பேசினால் நம் தோழர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கவுன்சிலிங் எல்லாம் நடுத்தர வர்க்கச் சமாச்சாரமாம், போராட்டமே மருந்தாம். போராட்டம் மருந்தாகலாம், யாருக்கு எப்போது என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். இன்னொருவர், "இன்னமும் மாரியம்மன் கோயிலுக்குப் போறாளாமே?" என்று என்னிடமே கேட்டார். போகிறாள். நான் நாத்திகர்தான். ஆனால் அவளுடைய மாரியம்மனை அவளிடமிருந்து பிடுங்குவது என் வேலையல்ல. அவளுடைய நம்பிக்கையை ஏற்கெனவே ஒருவன் தன் தேவைக்குப் பயன்படுத்திவிட்டான், நாமும் நம் தேவைக்கு அதைத் தொட வேண்டாம்.

நம் முன்னோடிகள் இதில் நம்மைவிடத் தெளிவு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஊர் ஊராகப் போய் எதிர்த்த அதே காலத்தில், முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் திறந்தார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்ததோ 1947இல். வெளியே வரும் பிள்ளைக்குப் படுக்க இடம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தயாராகிவிட்டது.

இன்று சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின்படி, பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு ஒரு 'ஆதரவு நபரை' நியமிக்கலாம்; விசாரணையிலும் வழக்கிலும் கூடவே இருப்பதற்கு. இழப்பீட்டில் ஒரு பகுதியை வழக்கு முடியும் முன்பே கேட்கலாம். நம் அமைப்புகளிலிருந்து எத்தனை பேர் பயிற்சி எடுத்து அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம்? ஆர்ப்பாட்டத்துக்கு ஒரே ராத்திரியில் வேன் பிடிக்கத் தெரிந்த நமக்கு, மாதம் இருமுறை ஒரு பெண்ணோடு மருத்துவமனை வரிசையில் உட்கார ஆளில்லையா?

அன்று நான் துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றீங்களாக்கா? அம்மா வந்தா அழுதுகிட்டே இருக்கும்."

இரண்டு முறை போய் வந்துவிட்டோம். அடுத்தது வரும் வியாழக்கிழமை. அன்று நடவு இருக்கிறது. அவளுடைய அன்றைய கூலியை யார் தருவது என்று எங்கள் அமைப்பில் இன்னும் பேசி முடிக்கவில்லை.