பெயரொற்றுமையும் ஆள் அடையாளமும்: அன்னி மூரின் கால்வழி ஆய்வு

குடும்ப வரலாற்று ஆய்வில் பெயரொற்றுமையைச் சான்றாகக் கொள்வதைப் போன்ற பெரும்பிழை பிறிதில்லை. அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்தோரைத் தேடுங்கால் இப்பிழைக்கு இடம் மிகுதி. 1922இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுள் பெரும்பாலானவை அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. முழுமையாக எஞ்சியவற்றுள் பழையது 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பே. சான்று அற்ற இடத்தில் கதை வந்து குடியேறுகிறது.

அன்னி மூரின் வரலாறு இதற்குத் தக்க காட்டு. கார்க் மாவட்டத்தவரான இவர், தம்பியர் அந்தோணி, பிலிப் ஆகியோருடன் குயின்ஸ்டவுன் (இன்றைய கோவ்) துறைமுகத்தில் நெவாடா என்னும் கப்பலேறினார். 1892 சனவரி 1 அன்று, நியூயார்க்கில் புதிதாகத் திறக்கப்பெற்ற எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாகப் பதிவு பெற்றார். பெற்றோர் முன்னரே அந்நகரில் வாழ்ந்துவந்தனர். பின்னர் அவர் டெக்சாஸ் சென்று, அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓகானலின் வழித்தோன்றல் ஒருவரை மணந்து, 1923இல் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார் என்பது பல்லாண்டுகள் ஏற்கப்பட்டிருந்த செய்தி. அவ்வாறு இறந்த அன்னி மூர் ஒருவர் இருந்தது உண்மையே. ஆயின் அவர் இலினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் என்பதைக் கால்வழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களால் நிறுவினார்.

2006இல் மெய்யான அன்னி கண்டறியப்பட்ட வழியே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. மணமான பெண் கணவரின் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுகிறார். உடன்பிறந்த ஆணின் பெயர் மாறுவதில்லை. தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணம் நியூயார்க்கில் கிடைத்தது. அதன் வழியே தமக்கையின் குடும்பம் புலப்பட்டது. அன்னி நியூயார்க்கை விட்டு நீங்கவேயில்லை. ஜெர்மானியக் குடியேறியின் மகன் ஜோசப் ஷேயரை மணந்து, பிள்ளைகள் பலரைப் பெற்று, அவர்களுள் ஐவரை மட்டுமே வளர்த்து ஆளாக்கி, 1924இல் இறந்தார். குவீன்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பெயர்க்கல் நடப்பட்டது 2008இல்தான்.

டெக்சாஸ் கதை நெடிது வாழ்ந்ததற்குச் சான்றின்மை மட்டும் காரணமன்று. மேற்கு நோக்கிய பயணமும் புகழ்மிக்க குடியின் தொடர்பும் கேட்போர் விரும்பிய கதையாக அமைந்தன. கிழக்கு மன்ஹாட்டனின் நெருக்கடியான குடியிருப்பில் மழலையரைப் புதைத்த தாயை எவரும் தேடவில்லை. ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் ஒருவராக்கப்பட்டதை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது வியப்பளிக்காது.

ஆதலின் மூதாதை ஒருவரைத் தனியாளாகத் தேடுவதை விடுத்து, உடன்பிறந்தார், மணச் சாட்சிகள், கத்தோலிக்கத் திருமுழுக்கு ஏடுகளில் காணப்பெறும் ஞானப்பெற்றோர் என உறவுத் தொகுதியாகத் தேடுதல் வேண்டும். அகவையும்கூடத் தனித்து நம்பத்தக்கதன்று: கரையிறங்கிய நாளே அன்னியின் பதினைந்தாம் பிறந்தநாள் என்றன செய்தித்தாள்கள், திருமுழுக்குப் பதிவின்படி அவருக்கு அப்போது அகவை பதினேழு.