வலி நின்னுடுச்சு... கல் போயிடுச்சா?

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, ஆவடி பக்கம் ஒரு பட்டறையிலோ உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி விலாவில் சுரீரென்று வலி. அடிவயிறு வரை சுருட்டிச் சுருட்டி இழுக்கிறது. வாந்தி வேறு. பக்கத்து நர்ஸிங் ஹோமில் ஒரு ஊசி, மறுநாள் ஸ்கேன். 'சிறுநீர்க் குழாயில் 7 மி.மீ. கல்' என்று ரிப்போர்ட். வாழைத்தண்டு ஜூஸ், பார்லித் தண்ணீர்... நாலு நாளில் வலி போயே போச்சு! 'கல் கரைஞ்சிடுச்சு' என்று ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது.

நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ.; அகலம் 3, 4 மி.மீ. மட்டுமே. 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். அதற்கு மேல் போனால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறுமே, அதே கதைதான். முதலில் குழாய் வீங்குகிறது. அப்புறம் சிறுநீரகமே பலூன் மாதிரி உப்புகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ரத்த ஓட்டம் குறைந்து, வடிகட்டும் சதை மெலிந்து தழும்பாகிவிடும். முழு அடைப்பு சில வாரம் நீடித்தாலே, இழந்த சக்தியில் ஒரு பகுதி திரும்பவே திரும்பாது.

அப்போ வலி ஏன் நின்றது? அடைபட்ட சிறுநீரகம் சிறுநீர் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிகிறது; வலியும் தணிகிறது. கல் மட்டும் அங்கேயே இருக்கலாம்! ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாலும் 'நார்மல்' என்றே வரலாம். இன்னொரு சிறுநீரகம் அவன் வேலையையும் சேர்த்துச் செய்கிறதே! வாழைத்தண்டைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் சேர்வது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான கற்கள் கால்சியம் கற்கள், ஜூஸில் கரையாது.

வீட்டில் பெரியவர் இருக்கிறாரா? 'வயசானா அப்படித்தான்' என்று சொட்டுச் சொட்டாகப் போவதைச் சும்மா விடாதீர்கள். புராஸ்டேட் வீங்கி வாசலிலேயே அடைத்தால், இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கழிப்பறை வசதி வேலை நேரம் முழுக்கத் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. பாத்ரூம் போக மேஸ்திரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தால், யார் தண்ணீர் குடிப்பார்கள்? உலைச் சூட்டில் வியர்த்துக்கொட்டி, தண்ணீரும் குடிக்காவிட்டால் கல் வராமல் என்ன செய்யும்?

என் கருத்து இதுதான்: வலி நின்ற நாள் வைத்தியம் முடிந்த நாள் அல்ல. கல் வெளியேறியதைக் கண்ணால் பார்க்கவில்லையென்றால், டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். வலியோடு குளிர் ஜுரம் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அயனாவரம் ஆஸ்பத்திரி. இல்லையென்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

பீரோவைத் திறந்து அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுங்கள். தேதி என்ன போட்டிருக்கிறது?