பிறவி அறிவா? விளக்கடிப் பழக்கமா?

கோடையிலே கடம்பூர்க் கரிசலைக் கண்டவர், "இதுவும் ஒரு மண்ணா? வெடித்துக் கிடக்கிறதே!" என்பார். மழைக்குப்பின் பருத்தியும் உளுந்தும் பச்சை போர்த்து நிற்கையில், அதே வாய்தான் "பொன் விளையும் பூமி!" என்று புகழும். மண்ணா மாறிற்று? மழை வந்தது, உழவு நடந்தது.

பள்ளியிலும் இதே பிழைதான், தோழர்களே! முதல் வரிசை மாணவன் நூற்றுக்கு நூறு பெறுகிறான். உடனே, "பிறவி அறிவாளி" என்று பட்டம் சூட்டுகின்றனர். அவனுக்குப் பொழுது சாய்ந்தால் விளக்குண்டு; அமர்ந்து படிக்க இடமுண்டு; பாடம் ஒப்புவிக்கச் சொல்ல, எழுத்தறிந்த தாயுண்டு. நாள் தவறாது படித்தான், வென்றான். வாழ்த்துவோம்! ஆனால், பழக்கத்துக்குப் பிறவிக் குணமென்று பெயர் சூட்டுவானேன்? கடைசி வரிசையில் இருப்பவன் ஆடு மேய்த்து, தண்ணீர் சுமந்து, தம்பியைத் தாலாட்டிய பின்னரன்றோ புத்தகத்தைத் தொடுகிறான்! அவனை "மண்டு" என்பது எந்த ஊர் நீதி?

முப்பது இரவு ஒத்திகை பார்த்தவன் மேடையேறினால், "பிறவி நடிகன்!" என்று கைதட்டுகின்றனர். ஒத்திகைக் கொட்டகையை யார் கண்டார்? கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். "மூளை போதவில்லை" என்றார் ஒருவர். போதாமற்போனது மூளையன்று, கட்டணம்!

திறமையில் வேறுபாடே இல்லையா எனக் கேட்பர். உண்டு. ஆனால், ஆண்டுக்கணக்கான பழக்கத்தைக் கழித்துவிட்டல்லவா அதை அளக்க வேண்டும்? 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே அறிவுச் சோதனை வகுத்தது, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். அறிவு மாறாத அளவுடையது என்பதை அவரே மறுத்தார். பின்வந்தவர்களோ அந்த அளவுகோலைப் பிறவித் தீர்ப்பாக்கினர்.

இன்று அந்தத் தீர்ப்புக்கு "நீட்" என்று பெயர். "தகுதி! தகுதி!" என்று முழங்குகின்றனர். 2021-இல் நீதியரசர் ஏ.கே. இராசன் குழு அளித்த அறிக்கையைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி புகுந்தோருள், முந்தைய ஆண்டில் பள்ளி முடித்து மீண்டும் முயன்றோர் 2016-17-இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் சுமார் 71 பேர்! ஓராண்டு கூடுதலாகப் பயிற்சி பெற்றதும் பிறவி அறிவு வளர்ந்துவிட்டதா? வளர்ந்தது பயிற்சி. பயிற்சிக்குப் பணம் வேண்டும். காத்திருக்க வசதி வேண்டும். அதைத்தான் தகுதி என்கின்றனர்!

1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்றது ஒரு திட்டம். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். 1956-இல் நம் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மூளையை அளந்துவிட்டா சோறு போட்டார்? சோறு போட்டார், பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர்.

தோழர்களே! நம் முன்னோர் ஊர்தோறும் படிப்பகம் திறந்தனர். பூட்டிக் கிடப்பவற்றைத் திறவுங்கள்! மாலை ஏழு முதல் ஒன்பது வரை அங்கே விளக்கெரியட்டும். பாடம் கேட்க ஒருவர் அமரட்டும். ஓராண்டு கழித்து அந்தக் கடைசி வரிசையைப் பாருங்கள். கரிசல் மலடன்று, காத்திருக்கிறது!