ஏட்டில் ஏறாத மைல்கள்

வணிகம் கடைத்தெருவை விட்டு வீட்டிற்குள் குடிபுகுந்துவிட்ட காலம் இது. பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற இணையச் சந்தையைப் பியர் ஒமிட்யார் என்பவர் 1995ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கினார். அன்று முதல், பழம்பொருள்களை வாங்கி இணையத்தின் வழியே மறுவிற்பனை செய்து வாழ்வோர் அமெரிக்க நாட்டில் பெருகி வந்துள்ளனர். இவர்களுக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. இருப்பவை ஒரு கைப்பேசி, ஓர் அறை, ஒரு கார் ஆகிய மூன்றே. பழம்பொருள் அங்காடி, வீட்டு வாயில் விற்பனை, அஞ்சல் நிலையம் என்று நாள்தோறும் ஓடும் அந்தக் காரே இவர்களுடைய உண்மையான கடை எனலாம்.

ஓட்டத்திற்குச் செலவு உண்டு. அச்செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, எஞ்சிய இலாபத்திற்கு மட்டும் வரி செலுத்த அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் அச்சலுகையை அடையும் வழியில் ஒரு சிறு குறிப்பேடு குறுக்கே நிற்கிறது. அக்குறிப்பேட்டைச் சுமை என்பாரும் உளர். கேடயம் என்பாரும் உளர். இவ்விரண்டில் எது சரி என்று ஆராய்வதே நம் நோக்கம். கடல் கடந்த நாட்டின் வரிச்சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். சட்டம் அந்நாட்டிற்குரியது; நினைவை நம்புவதா, ஏட்டை நம்புவதா என்னும் வினாவோ வணிகம் செய்யும் எல்லா மக்களுக்கும் பொதுவானது.

முதலில் சலுகையின் அளவைக் காண்போம். ஐ.ஆர்.எஸ். எனப்படும் அமெரிக்க வருமான வரித்துறை, தொழிலுக்காகக் காரோட்டும் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு வீதத்தை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024ஆம் ஆண்டிற்கு அது 67 சென்ட். 2025ஆம் ஆண்டிற்கு 70 சென்ட். எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு, தேய்மானம் அனைத்தும் இவ்வீதத்துள் அடங்கும். தொழிற்பயணத்தில் செலுத்தும் சுங்கக் கட்டணத்தையும் வண்டி நிறுத்தும் கட்டணத்தையும் தனியே சேர்த்துக்கொள்ளலாம். இவ்வீதத்தை விரும்பாதவர், உண்மையில் ஆன செலவைக் கூட்டி, அதில் தொழிற்பயணத்திற்குரிய பங்கை மட்டும் கழிக்கலாம். சொந்தக் காரை வைத்திருப்போர் மைல் வீதத்தைப் பயன்படுத்த எண்ணினால், அக்காரைத் தொழிலில் ஈடுபடுத்தும் முதல் ஆண்டிலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். மறுவிற்பனை செய்யும் ஒருவர் 2025ஆம் ஆண்டில் 12,000 மைல் காரோட்டினார். அதில் தொழிலுக்கானவை 4,000 மைல். மைலுக்கு 70 சென்ட் வீதம் 2,800 டாலர் கழிவு கிடைக்கிறது. சுயதொழில் புரிவோர் வருமான வரியோடு, சமூகப் பாதுகாப்பிற்கும் முதியோர் மருத்துவத்திற்கும் உரிய சுயதொழில் வரியையும் 15.3 விழுக்காடு செலுத்துகின்றனர். நிகர இலாபத்தில் 92.35 விழுக்காட்டின் மீது அது கணக்கிடப்படும். ஆகவே சுயதொழில் வரியில் மட்டும் அவருக்கு ஏறத்தாழ 396 டாலர் மிச்சமாகிறது. வருமான வரியில் குறைவது இதற்கு மேற்பட்டது. பெருநிறுவனத்திற்கு இது தூசு. வீட்டறையில் பொட்டலம் கட்டுபவருக்கோ ஒரு மாத மளிகை.

எல்லாப் பயணமும் தொழிற்பயணம் ஆகிவிடாது. வீட்டிலிருந்து வேலையிடத்திற்குச் சென்று திரும்புவது சொந்தப் பயணம் என்பதே பொது விதி. ஆயின் வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்கு மட்டுமே தொடர்ந்து பயன்படுத்தி, அதையே தொழிலின் தலைமையிடமாகக் கொண்டவர், அங்கிருந்து சரக்கு வாங்கவும் பொட்டலம் அனுப்பவும் செல்லும் பயணத்தைக் கணக்கில் சேர்க்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விடச் சென்றவர் வழியில் ஒரு பொட்டலத்தை அஞ்சலில் சேர்த்தார் என்பதற்காக அப்பயணம் முழுவதும் வணிகமாகிவிடாது. இந்த எல்லைக்கோட்டை நாள்தோறும் நேர்மையாக வரையவேண்டியவர் காரோட்டுபவரே. அவர் அருகில் அதிகாரி எவரும் அமர்ந்திருப்பதில்லை.

இனி அந்தக் குறிப்பேடு பிறந்த வரலாற்றுக்கு வருவோம். ஜார்ஜ் எம். கோகன் என்பவர் நியூயார்க் நாடக மேடையின் முடிசூடா மன்னராய் விளங்கியவர்; டைம்ஸ் சதுக்கத்தில் இன்றும் சிலையாய் நிற்பவர். நடிகர்களுக்கும் நாடகத் திறனாய்வாளர்களுக்கும் விருந்து வைத்ததிலும் பயணத்திலும் 55,000 டாலர் செலவாயிற்று என்று அவர் வரிக்கணக்கில் உரிமை கோரினார். கணக்கு ஏதும் அவர் எழுதி வைத்திருக்கவில்லை. வரி மேல்முறையீட்டு வாரியம் ஒரு டாலரும் தர மறுத்தது. 1930ஆம் ஆண்டு அவ்வழக்கை விசாரித்த நீதிபதி லெர்னட் ஹாண்ட், செலவு நடந்தது உறுதியாயின் தோராயமாகவேனும் ஒரு தொகையை ஏற்கவேண்டும் என்றும், கணக்கு வைக்காத குறை அவருடையதே ஆதலால் மதிப்பீட்டில் அவரை இறுக்கிப் பிடிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்.

இவ்வாறு நீதிமன்றத்தில் மதிப்பீட்டிற்கு இடம் பிறந்தது. வணிகச் செலவு என்ற பெயரில் ஆடம்பரக் கேளிக்கைகள் வளர்வதைக் கண்டு, குடியரசுத் தலைவர் கென்னடி 1961ஆம் ஆண்டு சட்டத்தைக் கடுமையாக்கக் கோரினார். 1962ஆம் ஆண்டுச் சட்டம் பயணத்திற்கும் விருந்திற்கும் மதிப்பீடு செல்லாது என்றது. 1984ஆம் ஆண்டில் காரும் அவ்விதிக்குள் கொண்டுவரப்பட்டது. எத்தனை மைல், எந்த நாள், எந்த இடம், என்ன நோக்கம் என்ற நான்கிற்கும் சான்று வேண்டும் என்றாயிற்று. நம் எடுத்துக்காட்டில் வந்தவர் குறிப்பின்றி, "ஏறக்குறைய நாலாயிரம் இருக்கும்" என்று மட்டும் சொன்னால், உண்மையாகவே ஓடிய 4,000 மைலும் அவருக்குக் கிடையாது. மதிப்பிட்டுப் பாதியேனும் தர நீதிபதிக்கும் வழியில்லை.

இங்கேதான் எதிர்ப்புக் குரல் எழுகிறது. நாடக மன்னரின் விருந்தால் பிறந்த கதவு, பெருஞ்செல்வரின் கேளிக்கையால் அடைபட்டது. அடைபட்ட கதவில் தலை மோதுவதோ பழஞ்சட்டை விற்றுப் பிழைக்கும் எளியவர் என்கின்றனர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எழுத்தர் வைத்திருக்கும் நிறுவனத்திற்குக் குறிப்பேடு எளிது. சரக்கு வாங்குவது, படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது அனைத்தும் தாமே செய்பவருக்கு அது கூடுதல் வேலை என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

எனினும், குறிப்பேட்டு விதியே எளியவருக்கு நன்மை என்பது நம் துணிபு. தோராயம் என்பது யாருக்குக் கைகொடுக்கும்? புகழ் உடையவருக்கும், திறமையான வழக்கறிஞரை அமர்த்த வல்லவருக்குமே. கோகனின் சொல்லுக்கு இருந்த எடை, பெயரறியா மறுவிற்பனையாளரின் சொல்லுக்கு இருக்குமா? ஏடோ ஆள் பார்ப்பதில்லை. நாளும் மைலும் இடமும் நோக்கமும் எழுதப்பட்ட வரி, அதை எழுதியவர் செல்வரா வறியவரா என்று கேட்பதில்லை. நினைவின் நீதிமன்றத்தில் பெரியவர் வெல்வார். ஏட்டின் நீதிமன்றத்தில் இருவரும் சமம்.

மேலும் விதி அஞ்சத்தக்கதன்று. ஓட்டம் நடந்த அக்கணமே எழுதவேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்புக் காட்டியபோது மக்கள் எதிர்த்தனர். மறு ஆண்டே அச்சொல் நீக்கப்பட்டது. வாரம் ஒரு முறை எழுதினாலும் காலத்தில் எழுதியதாகவே கொள்ளப்படும். ஆண்டின் ஒரு பகுதிக்கு, சான்றாக ஒவ்வொரு மாதத்திலும் ஒரு வாரத்திற்கு, முறையாக எழுதி, மற்ற நாள்களும் அவ்வாறே நடந்தன என்று பிற சான்றுகளால் காட்டினாலும் போதும். ஆண்டின் முதல் நாளும் இறுதி நாளும் வண்டியின் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வதும் நலம்; மொத்த ஓட்டத்தில் தொழிலின் பங்கு எவ்வளவு என்பது அதனால் விளங்கும்.

குறிப்பேடு இல்லாமையால் இருவகைத் தீங்கு விளைகிறது. அச்சம் உடையவர் தமக்கு உரியதையும் கேளாது விட்டு, ஈட்டாத வருமானத்திற்கு வரி கட்டுகிறார். துணிவு உடையவர் தமக்கு உரியதல்லாததையும் சேர்த்து எழுதி, பொதுநிதியில் கைவைக்கிறார். முன்னவர் தமக்குத் தாமே அநீதி செய்கிறார். பின்னவர் ஊருக்கு அநீதி செய்கிறார். இருவரையும் நேர்வழியில் நிறுத்த வல்லது, நாளுக்கு இரண்டு நிமிடம் கேட்கும் அந்தச் சிறு ஏடே.

சுயதொழில் புரிவோர் நிரப்பும் அட்டவணை 'சி' என்னும் படிவத்தில், காரைப் பற்றிய பகுதியின் இறுதியில் இரண்டு கேள்விகள் உள்ளன. உங்கள் கோரிக்கைக்குச் சான்று உண்டா என்பது முதலாவது. உண்டெனில் அது எழுத்தில் உள்ளதா என்பது இரண்டாவது. வணிகவியல் பயிலும் நம் மாணவர் நாளை எந்நாட்டில் எத்தொழிலை மேற்கொண்டாலும், இவ்விரு கேள்விகளையும் ஆண்டின் இறுதியில் அல்லாது ஒவ்வொரு நாளின் இறுதியிலும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. தயங்காது ஆம் என்று விடையளிக்க வல்லவர், உரியதைப் பெறவும் உரியதல்லாததை விலக்கவும் எவரிடமும் அஞ்சவேண்டியதில்லை.